சந்தனம் மணக்கிறது, மரம் எங்கே?

வாசனை மெழுகுதிரி முதல் கன்று வியாபாரம் வரை: யாழ்ப்பாணத்தில் ஒரு மணத்தின் வரவு செலவு

நல்லூர்த் திருவிழாக் காலத்துப் பின்னேரம். பருத்தித்துறை வீதியில் வாகனங்களை மறித்தாயிற்று. வெறும் மேலோடு திரும்பி வருகிற ஆண்களின் நெஞ்சில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. மணிக்கடைகளுக்கும் கச்சான் கடைகளுக்கும் நடுவில் ஒரு புதுக் கடை. கண்ணாடிக் குவளைகளில் வார்த்த மெழுகுதிரிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மல்லிகை, கறுவா, கோப்பி, சாண்டல்வுட்.

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த பெண் ஒருத்தி கடைசிக் குவளையை எடுத்து மணந்து பார்க்கிறாள். அப்படியே கோயில் மணம் என்கிறாள். பக்கத்தில் நின்ற அம்மம்மா வாங்கி மூக்கருகே பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்: "கோயில் மணம் இல்லைப் பிள்ளை, சவர்க்கார மணம்."

இரண்டு பேரும் சொன்னது சரி. சந்தனத்தின் இன்றைய கதையே அதுதான். அன்று அந்த வீதியில் சந்தனம் என்ற பெயரில் மூன்று பொருள்கள் கைமாறின. கோயிலில் கிடைத்த குழம்பு ஒன்று, கடையில் விற்ற மஞ்சள் தூள் பைக்கற் இன்னொன்று, இந்த மெழுகுதிரி மூன்றாவது. முதலாவதில் சந்தன மரம் இருக்கலாம். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் இல்லை.

கல்லில் உரைத்தால் தெரியும்

பழைய வீடுகளின் சாமியறையில் சந்தனக் கல்லும் ஒரு சாண் கட்டையும் இன்னமும் கிடக்கும். சிதம்பரத்துக்குப் போன யாரோ கொண்டுவந்து, இரண்டு தலைமுறை உரைத்து, ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்த கட்டை. கல்லில் நாலு துளி தண்ணீர் விட்டு வட்டமாக உரைத்தால் முதலில் கலங்கல் நீர்தான் வரும். கை நோகத் தொடங்கும்போதுதான் குழம்பு திரளும். ஒரு நெற்றிக்குப் போதுமான அளவு வருவதற்கே பொறுமை வேண்டும். நிறம் மஞ்சள் அல்ல, பால் கூடின தேநீரின் வெளிறிய மண்ணிறம். மணமும் ஓங்கி அடிக்காது. பூசிக் காய்ந்து அரை மணித்தியாலம் போன பிறகு, நாங்கள் அதை மறந்திருக்கும் நேரத்தில் மெல்ல எழும்பும்.

பைக்கற் சந்தனத்தின் குணம் இதற்கு நேர் எதிர். திறந்ததும் மூக்கில் ஏறும், பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், காய்ந்ததும் மணம் போய்விடும். அந்த மஞ்சள் சாயம். சிலருக்கு நெற்றியில் அரிப்பும் கருமையும் வருவதற்கு இத்தகைய சாயமும் செயற்கை வாசனையும் காரணமாவதைத் தோல் வைத்தியர்கள் அறிவார்கள்.

மெல்ல எழும்பி நெடுநேரம் நிற்கும் அந்தக் குணத்துக்குத்தான் உலகம் காசு கொடுக்கிறது. சந்தன மரத்தின் நடுக்கட்டையான வைரத்திலும் வேரிலும் இருக்கும் எண்ணெயில் பெரும்பகுதி சந்தலோல் என்ற பொருள். பாரமான மூலக்கூறு என்பதால் ஆவியாக அவசரப்படாது. தான் நிற்பதோடு, கூட இருக்கும் ரோஜாவையும் மல்லிகையையும் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும். கன்னோசியில் அத்தர் வடிப்பவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கியதும் இதனால்தான். 1926இல் ஷனெல் நிறுவனம் வெளியிட்ட 'புவா தேஸ் இல்', 1989இல் கெர்லான் வெளியிட்ட 'சம்சாரா' போன்ற பிரெஞ்சு வாசனைத் திரவியங்கள் சந்தனத்தின் மேல் கட்டியவை. பட்டினப்பாலை புகாரின் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் மேற்கு மலைச் சந்தனத்தையும் சொல்கிறது. அன்று தொடங்கிய வியாபாரம்தான் இது.

பெட்டிச் செய்தி: எண்ணெயின் கணக்கு
சர்வதேசத் தர நிர்ணயம் (ஐ.எஸ்.ஓ. 3518) இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்பா சந்தலோல் 41 முதல் 55 சதவீதமும் பீற்றா சந்தலோல் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல வைரத்தில் எண்ணெய் 3 முதல் 6 சதவீதம். 5 சதவீதம் என்று வைத்தாலும் ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 கிலோ வைரம் வேண்டும். அதை நீராவியில் வடிக்க நாட்கணக்கில் அடுப்பு எரியும். வேரில்தான் எண்ணெய் அதிகம் என்பதால் மரத்தை வெட்டுவதில்லை, அடியோடு கிளப்புகிறார்கள்.

வெளிச்சத்துக்கு இருந்த திரி

யாழ்ப்பாணத்தில் மெழுகுதிரியை வாசனைக்காக வாங்குகிற காலம் வரும் என்று 1990இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் போரில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் மருந்து போல அளந்து கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் திரியும் வைத்து, சில துளி எண்ணெயில் இரவு முழுக்க எரியும் விளக்கைச் செய்து ஒரு தலைமுறை ஓ.எல்., ஏ.எல். படித்தது. சவர்க்காரம் இல்லாமல் பனங்காயால் உடுப்புத் தோய்த்தார்கள். பிறகு 2022 மார்ச் இறுதியில், நாடு வங்குரோத்தை நெருங்கி 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, திரும்பவும் கடைகளில் மெழுகுதிரி தேடி அலைந்தோம். அப்போதும் மணத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது திரி அலங்காரப் பொருள். கலியாண வீட்டில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறு பரிசு, விடுதி அறை மேசையில் ஒரு குவளை, வெளிநாட்டு உறவுகளின் பெட்டியில் ஒன்று. இந்த ரசனை இலண்டன், ரொறன்ரோ வழியாக வந்தது. பாரிஸில் 1961இல் தொடங்கிய டிப்தீக் கடை 1963இல் வாசனை மெழுகுதிரி வார்க்கத் தொடங்கியது. நியூயோர்க்கின் லெ லபோ 2011இல் 'சந்தால் 33' என்ற சென்ற்றைக் கொண்டுவந்தது. அதில் இருந்தது அவுஸ்திரேலியச் சந்தனம். சில வருடங்களில் நியூயோர்க் விடுதி வரவேற்பறைகளின் மணமே அதுதான் என்று பகிடி பண்ணும் அளவுக்குப் பரவியது. 'சந்தால் 26' என்ற பெயரில் அவர்களிடம் மெழுகுதிரியும் உண்டு. எங்கள் பிள்ளைகள் அங்கே அதை மணந்துவிட்டு, இங்கே வந்து கோயில் மணம் என்கிறார்கள்.

நல்லூர்க் கடைக் குவளையில் உண்மையான சந்தன எண்ணெய் இருக்க முடியுமா? கணக்குப் பார்ப்போம். 200 கிராம் மெழுகில் வழக்கமாக 6 முதல் 10 சதவீதம் வாசனை சேர்ப்பார்கள். 8 சதவீதம் என்றால் 16 கிராம். இந்தியச் சந்தன எண்ணெய் கிலோ 2,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், எண்ணெய்க்கு மட்டும் 32 டொலர் போகும். குவளை, மெழுகு, திரி, கூலி, கடை வாடகை வேறு. சில நூறு ரூபாய்க்கோ ஒன்றிரண்டாயிரம் ரூபாய்க்கோ விற்கும் திரியில் அந்த எண்ணெய் இருப்பதற்கு வழியே இல்லை.

காசு இருந்தாலும் சேர்ப்பவன் யோசிப்பான். ஆவியாக அவசரப்படாத எண்ணெய் மெழுகிலும் அவசரப்படாது. தோலில் அருமையாக நிற்கிற அதே குணம், அறையை நிரப்ப வேண்டிய திரியில் குறையாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் காசைக் கொட்டி எரித்தாலும் பக்கத்துக் கதிரை வரைதான் மணம் போகும். ஆகவே விலை உயர்ந்த மெழுகுதிரிகள் கூடப் பெரும்பகுதி செயற்கைச் சந்தன வாசனையில்தான் நடக்கின்றன. இதை மோசடி என்று சொல்ல வரவில்லை. சுத்தமான சந்தன எண்ணெய் என்று எழுதி விற்றால் மட்டும்தான் மோசடி.

கற்பூரத்துக்கும் சந்தனத்துக்கும் ஒரே பிசின்

செயற்கைச் சந்தனம் எங்கிருந்து வருகிறது? பைன் மரத்திலிருந்து. பைன் பிசினில் எடுக்கும் தர்ப்பந்தைன் எண்ணெயில் ஆல்பா பைனீன் என்று ஒரு பொருள் உண்டு. அதிலிருந்து ஒரு வழியில் போனால் சுவிஸ் நிறுவனமான ஜிவோடானின் சண்டலோர், ஜவனோல் போன்ற உயர்ந்த ரகங்கள் கிடைக்கும். இன்னொரு வழியில் போனால் கம்பீன். அந்தக் கம்பீனிலிருந்துதான் மலிவான சவர்க்காரங்களுக்கும் ஊதுபத்திகளுக்கும் போகும் சாதாரணச் சந்தன வாசனை செய்யப்படுகிறது. அதே கம்பீனிலிருந்துதான் கடைகளில் வாங்கிக் கோயிலில் கொளுத்துகிற செயற்கைக் கற்பூரமும் வருகிறது. கருவறையில் எரிகிற கற்பூரமும் வாசலில் புகைகிற சந்தன ஊதுபத்தியும் ஒரே மரத்துப் பிசினில் பிறந்த சகோதரங்கள். அந்த மரத்துக்கும் எங்கள் கோயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அம்மம்மாவுக்குச் சவர்க்காரமும் பேத்திக்குக் கோயிலும் மணந்தது இதனால்தான். ராணி சந்தனம், மைசூர் சாண்டல் என்று இரண்டு பெயர்கள் எங்கள் குளியலறைகளில் வளர்ந்தவை. அம்மம்மாவின் மூக்கில் கட்டைச் சந்தனம் ஒரு பக்கமும் சவர்க்காரச் சந்தனம் மறு பக்கமும் தனித்தனியே பதிந்திருக்கின்றன. பேத்திக்குக் கட்டை பழக்கமில்லை. ஊதுபத்தியும் பைக்கற்றும்தான் அவளுடைய கோயில்.

செயற்கை என்பதற்காக முகம் சுளிக்கவும் தேவையில்லை. ஜெர்மனியின் போஹூம் நகரிலுள்ள றூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். மனிதத் தோலின் கலங்களிலும் வாசனை ஏற்பிகள் இருக்கின்றன, சண்டலோர் பட்டால் அவற்றில் ஒன்று தூண்டப்பட்டுக் கலங்கள் பெருகவும் நகரவும் தொடங்குகின்றன என்பது அவர்கள் முடிவு. புண் ஆறுவதற்கு உதவுமோ என்ற கோணத்தில் அது பேசப்பட்டது. சோதனையில் வேலை செய்தது ஆய்வுகூடச் சந்தனம். தவிர, செயற்கை வாசனை வந்திராவிட்டால் காட்டில் மிச்சமிருக்கும் மரங்களும் எப்போதோ போயிருக்கும்.

பெட்டிச் செய்தி: வாங்கும்போது
லேபிளில் 'பிராகிரன்ஸ்' அல்லது 'பர்ஃபியூம்' என்று மட்டும் இருந்தால் அது செயற்கைக் கலவை என்றே கொள்ளுங்கள். உண்மையான எண்ணெய் என்றால் சந்தலம் ஆல்பம் (இந்திய வகை) அல்லது சந்தலம் ஸ்பிகாட்டம் (அவுஸ்திரேலிய வகை) என்று தாவரப் பெயர் இருக்க வேண்டும். 'அமிரிஸ்' என்று இருந்தால் அது கரீபியன் பக்கத்து வேறொரு மரம், மேற்கிந்தியச் சந்தனம் என்று விற்பார்கள். விலை மலிவாக இருந்தால் மற்ற எதையும் வாசிக்கத் தேவையில்லை.

மரம் போன வழி

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக்கினார். யாருடைய நிலத்தில் நின்றாலும் மரம் அரசுக்குச் சொந்தம். பின்னால் வந்த மைசூர் மன்னர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முதலாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்ப முடியாமல் தேங்கியபோது, 1916இல் பெங்களூரில் அரசே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மைசூர் சாண்டல் சவர்க்காரம் அந்தத் தேக்கத்தில் பிறந்தது.

தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை, ஏலகிரி, சத்தியமங்கலம் எல்லாம் சந்தனக் காடுகள். திருப்பத்தூரில் பெரிய கிடங்கு. மரம் அரசுடையது என்றதால் தன் காணியில் முளைத்த கன்றைக் குடியானவன் பிடுங்கி எறிந்தான். வளர்ந்தால் பொலிஸ் வரும், வராவிட்டால் கள்ளன் வருவான். சந்தனம் கடத்திய வீரப்பனின் பெயர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2004 ஒக்டோபர் 18ஆம் திகதி அவர் கொல்லப்பட்டபோது காட்டில் பெரிய மரங்கள் அருகிவிட்டிருந்தன. 1950களில் இந்தியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 தொன் வைரம் கிடைத்தது. 2000களில் அது சில நூறு தொன்னாகச் சுருங்கியது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி மரத்தை நிலத்துக்காரருக்குக் கொடுத்தன. இரண்டு நூற்றாண்டு பிந்திய புத்தி. உலகச் செம்பட்டியலில் இந்த மரம் 1998 முதல் அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றில் ஒன்று. கேரளத்தின் மறையூரில் மட்டும் வேலியும் காவலும் போட்டு ஒரு இயற்கைக் காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் பதுளை, வெலிமடைப் பக்கம் சந்தனம் இயற்கையாகவே வளரும். யாழ். குடாநாட்டில் அப்படியொரு காடு இல்லை. எங்கள் கோயில்களின் நல்ல கட்டை கடல் தாண்டித்தான் வருகிறது.

பெட்டிச் செய்தி: வெள்ளை வேறு, சிவப்பு வேறு
சுங்கத்தில் பிடிபட்டது என்று பத்திரிகையில் வரும் செஞ்சந்தனம் இந்தச் சந்தனம் அல்ல. அது ஆந்திராவின் சேஷாசலம் பக்கத்துச் செம்மரம், சந்தன மணமே கிடையாது. தளபாடத்துக்கும் சாயத்துக்கும் சீனாவில் கேள்வி. இலங்கைத் துறைமுகம் அதன் கடத்தல் வழிகளில் ஒன்று. 2015 ஏப்ரல் 7ஆம் திகதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் பொலிஸார் சுட்டுக் கொன்ற 20 தமிழ்க் கூலிகளில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள்.

பரப்புக் கணக்கு

எண்ணெய் விலை ஏறினால் அடுத்தது கன்று வியாபாரம். முகநூலைத் திறந்தால் சந்தனக் கன்று விளம்பரம். வெளிநாட்டில் இருக்கிறவரின் காணி வலிகாமத்தில் சும்மா கிடக்கிறது. பத்துப் பரப்பில் நட்டுவிட்டால் பதினைந்து வருடத்தில் கோடி என்று ஒரு கணக்குக் காட்டுவார்கள்.

அந்தக் கணக்கை நாங்களும் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீற்றர் இடைவெளி விட்டால் ஒரு பரப்புக்கு 28 மரம். பத்துப் பரப்புக்கு 280. மரத்துக்குப் பத்துக் கிலோ வைரம் என்று பெருக்கினால் 2,800 கிலோ. அதை எண்ணெயாக்கி டொலரில் பெருக்கினால் யாருக்கும் தலை சுற்றும். பிழை அந்தப் பத்துக் கிலோவில் இருக்கிறது. சந்தனத்தில் வைரம் ஏறத் தொடங்கவே பத்து வருடம் செல்லும். பதினைந்தாம் வருடத்தில் ஒரு மரத்தில் நல்ல வைரம் இருக்கும், பக்கத்து மரத்தில் நடுவில் விரல் தடிப்பில் ஒரு கோடு மட்டும் இருக்கும். தண்ணீரும் உரமும் போட்டுக் கொழுக்க வைத்த மரம் பார்வைக்குப் பெரிதாக நிற்கும், உள்ளே வெள்ளை. பனையில் வைரம் பார்த்து மரம் வாங்கிய ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சந்தனம் தனியாக வாழாத மரமும் கூட. பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் கவ்வி உறிஞ்சித்தான் வளரும். 300க்கு மேற்பட்ட தாவரங்களை அது இப்படிப் பிடிக்கும். சாடியில் இருக்கும்போது பொன்னாங்காணி, நிலத்தில் துவரை, அகத்தி, பிறகு சவுக்கு என்று கூட்டாளி மாற்றிக் கொடுக்க வேண்டும். கன்று விற்பவர் இதைச் சொல்லாமல் விட்டால், வாங்கியவர் தனிக் கன்றை நட்டுவிட்டு அடுத்த கோடையில் பட்டுப்போன குச்சியைத்தான் பார்ப்பார். வலிகாமத்துச் செம்பாட்டு மண் அதற்குப் பிடிக்கும், கல்லும் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் பிடிக்காது. மாரியில் வெள்ளம் நிற்கும் வயற்கரைக் காணிகளிலும் உப்பேறிய நிலங்களிலும் காசைக் கொட்ட வேண்டாம்.

பெரிய முதலீட்டுக்காரர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் கனனரா பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் இந்தியச் சந்தனம் நட்ட குவின்டிஸ் நிறுவனம், ரி.எஃப்.எஸ். என்ற பழைய பெயரில் பொதுமக்களிடம் மரத்துக்கு மரம் முதலீடு வாங்கி வளர்ந்தது. 2017இல் ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம் அதன் கணக்குகளைக் கேள்வி கேட்டு அறிக்கை விட்டது. பங்கு விலை சரிந்தது. 2018 ஜனவரியில் நிறுவனம் நொடித்து வெளி நிர்வாகிகளின் கைக்குப் போனது. அந்த மரங்களில் எண்ணெய் இருந்தது. காகிதத்தில் எழுதிய விலைதான் இல்லை.

போட்டிக்கு மரமல்லாத ஒன்றும் வந்திருக்கிறது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 2020இல் சோள மாப்பொருளை பக்ரீரியாவைக் கொண்டு புளிக்க வைத்து எடுத்த சந்தலோலைச் சந்தைக்கு விட்டது. இன்று நடுகிற கன்று விற்பனைக்கு வரும்போது 2040 தாண்டியிருக்கும். அதற்குள் இந்தப் புளிப்புத் தொட்டிகள் எவ்வளவு பெருகும், எண்ணெய் என்ன விலை போகும் என்பதை எந்தக் கன்று வியாபாரியாலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

களவும் சட்டமும் மிச்சம். வைரம் ஏறிய மரத்துக்கு இரவில் காவல் வேண்டும். சொந்தக்காரர் கனடாவின் மார்க்கம் நகரிலும் மெல்பேணிலும் இருக்கிற வளவில் காவல் யார்? நாய் கூட இல்லை. மரத்தைக் கிளப்பவும் வீதியால் கொண்டுபோகவும் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு முதலே, நடும்போதே காணி உறுதியும் மர விபரமும் கிராம சேவையாளருக்கும் வனவளத் திணைக்களத்துக்கும் தெரிந்திருப்பது நல்லது. இருபது வருடத்துக்குப் பிறகு இது என் மரம் என்று நிரூபிக்கும் சிக்கல் வராது.

அப்படியானால் நடவே வேண்டாமா?

நடுங்கள். கடன் பட்டு நடாதீர்கள், பத்துப் பரப்பைக் கொடுத்து நடாதீர்கள். வளவில் இரண்டு, வேலியோரம் பூவரசுக்கும் வேம்புக்கும் பக்கத்தில் இரண்டு. கூட்டாளிச் செடி அங்கே ஏற்கெனவே நிற்கிறது, தனியாகச் செலவு இல்லை. வரட்சியில் கொஞ்சம் வாடட்டும். காய் கறுத்ததும் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று விதையைப் பரப்பும், நீங்கள் கேட்காத இடத்திலும் முளைக்கும். அதைக் கோடி என்று எண்ணாமல் மரம் என்று எண்ணினால் நட்டம் வராது.

உண்மையில் இதைச் செய்ய வேண்டியவர்கள் கோயில் தர்மகர்த்தா சபைகள். குடாநாட்டில் சந்தனம் நாள் தவறாமல் தேவைப்படுகிற இடம் கோயில். காணி இருக்கிறது, கிணறு இருக்கிறது, இரவும் பகலும் ஆள் இருக்கிறது, அவசரமாக விற்கத் தேவையும் இல்லை. பதினைந்து வருடமோ முப்பது வருடமோ காத்திருக்கக்கூடிய சொந்தக்காரர் எங்கள் ஊரில் சுவாமி ஒருவர்தான். தெற்கு வீதியில் சீமெந்துக் கல்லுப் பதிக்கிற காசில் ஒரு பங்கு போதும், மதிலோரம் இருபது கன்றும் அவற்றுக்கு அகத்தியும் வைக்கலாம். இந்த மாரிக்குள் குழி வெட்டுங்கள். கன்று வாங்கும்போது சாடியில் பொன்னாங்காணி சேர்ந்து நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.